பனியில் ஒரு காவல்

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில், சுமார் 6,750 அடி உயரத்தில் இருக்கிறது பிக் பேர் ஏரி. குளிர்காலத்தில் கரையோரம் உறைந்தாலும், உறையாத நீரில் வாத்துகளும் நாமக்கோழிகளும் மிதக்கின்றன. நாமக்கோழிகள் திடீரென ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டால் வானத்தைப் பாருங்கள். வெண்தலைக் கழுகு வந்திருக்கும். மீனோடு நீர்ப்பறவைகளும் அதற்கு இரை.

ஏரிக்கு அருகே உயரமான பைன் மரத்தில் ஜாக்கி, ஷேடோ ஜோடியின் கூடு. கேமரா வழியே உலகமே பார்க்கும் குடும்பம். பனி கொட்டினாலும் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன, சுமார் 35 நாட்கள். 2023, 2024இல் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. 2025 மார்ச்சில் மூன்று குஞ்சுகள். பனிப்புயலின்போது ஒன்று இறந்தது. ஜூனில் மற்ற இரண்டும் பறந்தன.

இந்த இனமே ஒருகாலத்தில் அழிவின் விளிம்பில் இருந்தது. டி.டி.டி. பூச்சிமருந்து மீன் வழியே கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை உடைந்தது. 1972இல் அமெரிக்கா அதைத் தடைசெய்தது. 2007இல் கழுகு அழியும் பறவைகளின் பட்டியலிலிருந்து நீங்கியது.

இன்று கூடு கட்டும் பருவத்தில் வனத்துறை அந்தப் பகுதியை மூடிவிடுகிறது. பார்க்க விரும்புவோருக்குத் தொலைநோக்கியும் ஏரிக்கரையும் போதும். கழுகுக்குத் தேவை அந்த இடைவெளிதான்.