ஒன்பதாவது பாட்டு

'யூ-டூ' கச்சேரிக்கு மும்பை போகணும், லீவு வேணும் என்று ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கும் என் நண்பன் கேட்டதும், அவனுடைய மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யூ டூ, ப்ரூட்டஸ்?" என்றாராம். தன் ஜோக்குக்குத் தானே சிரித்த சந்தோஷத்தில் மூன்று நாள் லீவு சாங்ஷன்!

2019 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் யூ-டூ ராக் குழு முதல்முறையாக இந்தியாவில் வாசித்த நாள். 1976-ல் டப்ளினில் ஒரு பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில், 'குழு ஆரம்பிக்கலாம், வாங்க' என்று டிரம்ஸ் வாசிக்கும் பையன் எழுதிப் போட, அதைப் பார்த்துச் சேர்ந்த கோஷ்டி. போனோ பாட்டு, எட்ஜ் கிடார், ஆடம் கிளேட்டன் பேஸ், நோட்டீஸ் போட்ட லாரி முல்லன் டிரம்ஸ். 1987 மார்ச்சில் வந்த 'த ஜோஷ்வா ட்ரீ' ஆல்பம் அவர்களை உலகத்தின் உச்சியில் உட்கார வைத்தது. நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்த ஆல்பத்தின் 30-வது வருஷத்தைக் கொண்டாட 2017-ல் ஒரு டூர் கிளம்பினார்கள். ஆல்பத்தின் 11 பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை அதே வரிசையில் வாசிப்பது. அதையே 2019-ல் நம் பக்கத்து உலகத்துக்கும் கொண்டுவந்து, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆரம்பித்து மும்பையில் முடித்தார்கள்.

வரிசை என்றேன் அல்லவா? அங்கேதான் வம்பே. சென்ட்ரலில் சனிக்கிழமை ரயில் ஏறியதிலிருந்து ஆடிட்டும் சேல்ஸும் அடித்துக்கொண்டார்கள். (சேல்ஸ் என்பது இன்னொரு நண்பன். வாட்டர் ஃபில்டர் விற்கிறான். வாயில் ஃபில்டர் கிடையாது.)

"மூணு சூப்பர் ஹிட்டையும் வரிசையா முதல் மூணு பாட்டா வெச்சுட்டாங்கடா! 'வேர் த ஸ்ட்ரீட்ஸ்', 'ஐ ஸ்டில் ஹேவன்ட்', 'வித் ஆர் விதவுட் யூ'. அப்புறம் எட்டுப் பாட்டுக்கு என்ன பண்றது, மூட்டைப்பூச்சி நசுக்கறதா? இலை போட்டதும் பாயசத்தை ஊத்திட்டு கடைசியா ரசம் போடற மாதிரி இருக்கு!"

"ஆல்பம்னா ஆல்பம். லெட்ஜர்ல பக்கத்தைக் கிழிச்சு மாத்தி ஒட்டுவியா?"

"கச்சேரின்னா சஸ்பென்ஸ் வேணாமா? அடுத்து என்னன்னு தெரிஞ்சா அது கச்சேரியா, ரயில்வே டைம்டேபிளா?"

"டைம்டேபிள்படி ரயில் வந்தாலே அது சஸ்பென்ஸ்தான்டா!"

குண்டக்கல்லில் ஆரம்பித்த சண்டை சோலாப்பூரில் உச்சத்துக்குப் போய், எதிர் பெர்த் மாமி, "ஏம்ப்பா, சொத்துத் தகராறா?" என்று கேட்டபோது கொஞ்சம் அடங்கியது.

ஞாயிறு காலை குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் லோக்கல் பிடித்தோம். மான்குர்டு தாண்டியதும் ரயில் கடல் கழியின் மேல் ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புக் காற்று. பாலம் முடிந்தால் வாஷி, நவி மும்பை ஆரம்பம். சேல்ஸ் இந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் பாயசத்தை ஊற்ற ஆரம்பித்தான்.

"நம்ம பந்தியிலயும் முதல்ல இலை ஓரத்துல ஒரு ஸ்பூன் பாயசம் வைக்கறாங்களே தம்பி?" என்றது ஒரு குரல்.

திரும்பினோம். ஐம்பது தாண்டியவர். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, கையில் காய்கறிப் பை. திருநெல்வேலிக்காரர். பாங்க் வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் பம்பாய்வாசி, இப்போது நெருலில் வீடு. அவரும் அன்று கச்சேரிக்கு வருகிறார் என்றதும் சேல்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். ஹரிகதைக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"அந்த வரிசையைப் போட்டது யார்னு தெரியுமா? பாண்டு இல்லை. கிர்ஸ்டி மக்கால்னு ஒரு பாடகி. ரெக்கார்டிங்ல வேலை பார்த்த ஸ்டீவ் லில்லிவைட்டோட மனைவி. 'முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் இதுதான், நடுவுல உன் இஷ்டம்'னு விட்டுட்டாங்க. அந்தம்மா தனக்குப் பிடிச்சது முதல்ல, அடுத்துப் பிடிச்சது அடுத்துன்னு அடுக்கிக் கொடுத்துட்டாங்க."

ஆடிட் ஆடிப்போனான். வேதம் மாதிரி அவன் காத்துவந்த வரிசை, ஒரு பெண்மணியின் 'பிடிச்ச பாட்டு' லிஸ்ட்!

"உங்களுக்குப் பிடிச்சது எது ஸார்?" என்று நான் கேட்டேன்.

"ஒன்பதாவது. 'ஒன் ட்ரீ ஹில்'. அந்தம்மா லிஸ்ட்டுல கடைசிக்கு முந்தினது" என்று சிரித்தார்.

சாயங்காலம் ஸ்டேடியம். நெருல் டி.ஒய். பாட்டீல் மைதானம் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. 2008 ஜூன் 1-ம் தேதி, முதல் ஐ.பி.எல். ஃபைனலில் நம் ஆட்கள் ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்ற இடம். உள்ளே காலை வைக்கும்போதே சேல்ஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டான், பரிகாரமாம். ஸாரும் எங்களோடு வந்து நின்றுகொண்டார். மதியமே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாராம், நடுவில் எங்கும் நகர வேண்டாமே என்று.

லாரி முல்லன் தனியாக நடந்து வந்து டிரம்ஸில் உட்கார்ந்து அடித்த முதல் அடியில் எங்கள் ஆயிரம் மைல் களைப்பு போயிற்று. கூட்டத்தின் நடுவே நீண்ட சின்ன மேடையில் முதலில் சில பழைய பாட்டுக்கள். அப்புறம் நால்வரும் பெரிய மேடைக்குப் போக, பின்னால் சுமார் 200 அடி அகலத் திரை முழுக்கச் சிவப்பு. நடுவே கறுப்பாக ஒற்றை மரம். 'வேர் த ஸ்ட்ரீட்ஸ்' ஆரம்பித்ததும் திரையில் பாலைவனச் சாலை ஓட ஆரம்பித்தது. ஸ்டேடியம் மொத்தமும் குதித்தது. ஆடிட் அழுதான். கேட்டால் தூசி என்பான்.

மூன்று ஹிட்டும் முடிந்தன. சேல்ஸ் சொன்னபடியே நடந்தது. ஐந்தாவது பாட்டு முடிந்து 'சைடு பி' ஆரம்பிக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள். நம்மூர் சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் காண்டீனுக்கு ஒரு படை கிளம்புமே, அதே படை. போண்டாவுக்குப் பதில் பர்கர்.

இத்தனைக்கும் ஆறாவது பாட்டு லேசுப்பட்டதல்ல. 'ரெட் ஹில் மைனிங் டவுன்', 1984-85 பிரிட்டன் நிலக்கரித் தொழிலாளர் ஸ்டிரைக்கைப் பற்றியது. ஆல்பம் வந்து முப்பது வருஷம் மேடையிலேயே பாடப்படாமல் கிடந்தது. 2017-ல் வரிசை என்ற கட்டாயம் வந்த பிறகுதான் அதற்கு மேடை கிடைத்தது.

"பாத்தியா?" என்றான் ஆடிட்.

"பார்த்தேன். பசிக்குது. யாருக்கு என்ன வேணும்?" என்றான் சேல்ஸ். எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு பாட்டு இருந்துட்டுப் போங்க தம்பி" என்றார் ஸார். காலையில் கேட்ட குரல் இல்லை அது. சேல்ஸ் நின்றான்.

ஒன்பதாவது பாட்டு ஆரம்பித்தது. கிரெக் கரோல் என்ற மாவோரி இளைஞனுக்காக எழுதியது. ஆக்லாந்துக்குக் குழு போனபோது பழக்கமாகி, போனோவின் உதவியாளனாக டப்ளின் வரை வந்தவன். 1986-ல் அங்கே மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். உடலோடு நியூசிலாந்துவரை போய் அடக்கம் செய்துவிட்டு வந்து போனோ எழுதிய பாட்டு. ரெக்கார்டிங்கில் இன்னொரு தடவை பாட மனசு வராமல் ஒரே டேக்கில் முடித்தாராம். ஆல்பத்தையே கிரெக்குக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள்.

ஸார் ஆடவில்லை. கூடப் பாடவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல நின்றார். பாட்டு முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"88-ல செம்பூர்ல ஒரே ரூம்ல நாலு பேரு. ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு காசெட். அதுல ஒருத்தனுக்கு இந்தப் பாட்டுதான் உசிரு. இங்கிலீஷ் வரி பாதி புரியாது, அர்த்தம் யாருக்குத் தெரியும்? சைடு பி-ல நாலாவது பாட்டு. ரீவைண்ட் பண்ணி, விட்டு, பண்ணி, விட்டுப் பிடிப்பான். நாங்க திட்டுவோம், 'ஹிட்டைப் போடுடா'ன்னு. அடுத்த வருஷம் ஸ்கூட்டர்ல போனவன் வரலை. இது யாரைப் பத்தின பாட்டுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன்."

மேடையில் பத்தாவது பாட்டு இரைந்துகொண்டிருந்தது.

"ஹிட்டை எல்லாம் எந்த டூர்லயும் போடுவாங்க தம்பி. வரிசைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் இதுக்கு இங்க முறை வந்துது. இல்லேன்னா எனக்காக யாரு பாடப்போறா?"

சேல்ஸ் பர்கருக்குப் போகவில்லை.

ஆல்பம் முடிந்து பிற்காலப் பாட்டுக்கள். கடைசிக் கட்டத்தில் நம்ம ஏ.ஆர். ரஹ்மான் தன் மகள்களோடு மேடையேறினார். யூ-டூவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'அஹிம்சா'வில் திருக்குறள் வருகிறது. டப்ளின் கிடாரும் வள்ளுவரும் ஒரே மேடையில்! "இது எந்த வரிசையிலயும் இல்லையேடா" என்று ஆடிட்டைச் சீண்டினேன். "இது இலவச இணைப்பு" என்றான்.

கூட்டம் கலைந்து வெளியே வர வெகு நேரமாயிற்று. ஸ்டேஷன் வாசலில் கட்டிங் சாயும் வடா பாவும் வாங்கிக் கொடுத்தார் ஸார். காசு கொடுக்க விடவில்லை. காய்கறியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாலும் பழக்க தோஷத்தில் பையைக் கையில் வைத்திருந்தார். அதை மடித்து இடுக்கிக்கொண்டு நடந்து போனார்.

அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்து உலகத்தில் கச்சேரியே இல்லாமல் போயிற்று. 2023-ல் லாஸ் வேகஸின் ஸ்பியர் அரங்கில் யூ-டூ மறுபடி ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து வாசித்தபோது, ஆபரேஷன் காரணமாக டிரம்ஸில் லாரி இல்லை. நெருலில் நால்வரையும் சேர்த்துப் பார்த்த கணக்கில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

லாஸ் வேகஸில் ஆல்பத்தின் நடுவே வேறு பாட்டுக்களை நுழைத்ததைக் கேட்டதும் ஃபோன் வந்தது. "வரிசையை உடைச்சுட்டாங்கடா! யாரைக் கேட்டு உடைச்சாங்க?" என்று ஒரே சத்தம். ஆடிட் என்று நினைத்துச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

பேசியது சேல்ஸ்.