தலையெழுத்தும் குறியெழுத்தும்

நம்மவர் பேச்சில் ‘தலையெழுத்து’ என்னும் சொல் வராத நாள் அரிது. தேர்வில் தோற்றாலும் தலையெழுத்து. பேருந்தைத் தவறவிட்டாலும் தலையெழுத்து. மண்டையோட்டின்மேல் நெளிந்து ஓடும் கோடுகளைக் கண்ட முன்னோர், அவை பிரமன் எழுதிய எழுத்து என்றனர். உண்மையில் அவை எழுத்தல்ல. எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் பொருத்துகள். ஆயினும், அக்கோடுகளில் ஒன்று உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டால், ஒரு குழந்தையின் வாழ்வு மாறிவிடக்கூடும். இதனை நான் ஏட்டில் படிக்கும் முன்னரே வீட்டில் அறிந்தேன்.

நான் தங்கியிருப்பது பழவங்காடியில். காரியவட்டத்தில் வகுப்பு முடிந்ததும் பேருந்தேறிக் கிழக்கேகோட்டையில் இறங்கி, மாலையில் மருத்துவக் குறியீட்டு வகுப்புக்குச் செல்கிறேன். வழியில் கணபதி கோயில். இந்தியப் படையினர் பேணிவரும் அக்கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை ஓயாது கேட்கும். மட்டை உரித்த தேங்காயை உற்றுப் பாருங்கள். கண்களிலிருந்து மேல்நோக்கி மூன்று வரம்புகள் ஓடும். மூன்று பகுதிகள் கூடி ஓடாகிய தடயம் அது. குழந்தையின் தலையும் பல எலும்புத் தகடுகள் கூடியதே. ஆனால் தேங்காய் ஓட்டைப்போல் அது உடனே இறுகிவிடக் கூடாது.

ஏனெனில், உள்ளிருக்கும் மூளை முதல் இரண்டு ஆண்டுகளில் மிக விரைவாக வளர்கிறது. அதற்கு இடங்கொடுக்கவே பொருத்துகள் நெகிழ்ந்துள்ளன. நெற்றி நடுவிலுள்ள பொருத்து முதல் ஆண்டிலேயே மூடுவது இயல்பு; மற்றவை நெடுங்காலம் திறந்திருக்க வேண்டும். சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு ஏதேனும் ஒரு பொருத்து முன்கூட்டியே மூடிவிடுகிறது. அப்போது தலை எப்படி வளரும்? ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1851-இல் இதற்கு ஒரு விதி கண்டார். மூடிய பொருத்துக்குக் குறுக்காக வளர்ச்சி தடைப்படும். அதன் நீளவாக்கில் வளர்ச்சி மிகும். உச்சியில் முன்பின்னாக ஓடும் பொருத்து மூடினால் தலை ஒடுங்கி, தோணிபோல் நீளும். மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையே.

என் தமக்கையின் மகன் நாகர்கோவிலில் பிறந்தபோது அவன் தலை அவ்வாறுதான் இருந்தது. எங்கள் ஆச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, “பிறந்த பிள்ளைக்குத் தலை அப்படித்தான் இருக்கும் மக்கா, எண்ணெய் தேய்ச்சு உருட்டிவிட்டா நேராயிரும்” என்றார். ஆச்சி சொன்னதில் பாதி உண்மை. பிறக்கும்போது நெருக்குண்ட தலை சில வாரங்களில் தானே சீராகிவிடும். ஆனால், மூடிய பொருத்தை எந்தக் கையும் உருட்டித் திறக்க முடியாது.

இரண்டாம் மாதம் ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். சீட்டில் ‘தலை வடிவில் மாறுபாடு’ என்று மட்டும் எழுதித் தந்தார்கள். பெயரில்லாத குறைக்கு எவர் அஞ்சுவார்? மூன்று மாதங்கள் கழிந்தன. பிறகு திருவனந்தபுரத்தில் குழந்தைகளின் நோய் பார்க்கும் வேறொரு மருத்துவரிடம் வந்தோம். 1956-இல் எல்லை மாறினாலும் எங்கள் மாவட்டத்தார் பெருநோய்க்கு இந்நகரை நாடி வருவது மாறவில்லை. அவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. குழந்தையின் உச்சியில் விரலை மெல்ல ஓட்டினார். “இங்கே தொட்டுப் பாரம்மா” என்று தமக்கையின் விரலைப் பிடித்து வைத்தார். நெகிழ்ந்திருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வரம்பு கட்டியிருந்தது. பின்னர்த் தலையின் நீள அகலங்களை அளந்தார், சி.டி. படம் அவர் விரல் கண்டதை உறுதி செய்தது.

சிறு துளைவழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவைக்கு முதல் மூன்று நான்கு மாதங்களே ஏற்ற காலமாம். அது கடந்துவிட்டதால் எட்டாம் மாதத்தில் பெரிய அறுவையே செய்ய நேர்ந்தது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருப்பது ஏறக்குறைய 640 மில்லி லிட்டர் குருதிதான். அதனால் குருதி கொடுக்க என் வகுப்புத் தோழர் இருவர் என்னுடன் வந்தனர். இன்று அவனுக்கு மூன்று வயது. என் மூக்குக்கண்ணாடியைப் பறித்தெறிவதில் வல்லவன்.

இதன் பின்னரே நான் குறியீட்டு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே படித்தபோதுதான், அந்தச் சீட்டில் விடுபட்ட சொல்லின் மதிப்பு எனக்கு விளங்கிற்று. உலகச் சுகாதாரப் பேரவை 1990-இல் ஏற்ற ஐ.சி.டி.-10 பட்டியலில் இந்நோய்க்குரிய குறியீடு க்யூ 75.0. எந்தப் பொருத்து மூடினாலும் அந்த ஓர் எண்தான். அமெரிக்கர் தம் பட்டியலை 2023 அக்டோபரில் விரித்தனர். உச்சிப் பொருத்துக்கு க்யூ 75.01, நெற்றிப் பொருத்துக்கு க்யூ 75.03 எனத் தனித்தனி எண்கள் வந்தன. ஒரே பக்கம் படுத்துப் படுத்துத் தலை சப்பையாகும் குழந்தைக்கு இந்த எண்களே கூடாது. கோணல் தலைக்குரிய க்யூ 67.3 வேறு. அக்குழந்தையைப் புரட்டிப் படுக்க வைத்தாலே பெரும்பாலும் போதும். பொருத்து மூடிய குழந்தைக்கோ கத்தி வேண்டும். ஏட்டில் எழுத்து மாறினால் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும்.

குறியிடுவோன் தானாக நோயை ஊகிக்கலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. மருத்துவர் எழுதியதற்கே எண் தரலாம். ஐயமிருந்தால் அவரைக் கேட்கலாம். ‘தலை வடிவில் மாறுபாடு’ என்ற சீட்டுக்கு எவ்வளவு தேர்ந்தவனும் க்யூ 75 இட முடியாது. எண் பெறாத குழந்தை கணக்கில் வராது. 2013-இல் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம் ஒன்பது பிறவிக் குறைகளைப் பெயர் சொல்லித் தேடுகிறது. பிளவுற்ற உதடு, வளைந்த பாதம், இதயக் குறை ஆகியவை அவற்றுள் உண்டு. இந்தக் குறை அந்த ஒன்பதில் இல்லை. எண்ணப்படாதது எப்படிப் பட்டியலில் ஏறும்?

நண்பர்களே! நம்முள் பலர் நாளை இத்தொழிலுக்குச் செல்வோம். கடல் கடந்த நாட்டுக் குழந்தையின் எந்தப் பொருத்து மூடிற்று என்பதை இங்கிருந்தபடியே பிரித்தெழுதிப் பொருள் ஈட்டுவோம். ஈட்டுவது நன்றே. ஆனால் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, அண்டை வீட்டுத் தொட்டிலையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஆறு வாரம் சென்றும் தலை ஒடுங்கியோ கோணியோ இருந்தால், உச்சியில் வரம்பு தட்டுப்பட்டால், எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள், சீட்டில் நோயின் பெயரை எழுதித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த நோயைத் தலையெழுத்தென்று எவரும் விட்டுவிட மாட்டார்.