தெரிந்த காரியம், தெரியாத திரை

1967ஆம் ஆண்டு ஏப்ரல் 12. கியூபாவின் கிழக்கு மலைகளுக்குள் ஒதுங்கிக் கிடந்த லோஸ் மூலோஸ் என்ற சிற்றூருக்கு ஒரு லாரி வந்து சேர்ந்தது. புரொஜெக்டர், திரை, படச்சுருள் எல்லாம் அதில் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் அதுவரை சினிமா பார்த்ததில்லை. கியூபாவின் திரைப்பட நிறுவனம் இப்படிப் பல லாரிகளை மலையூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அன்றைய இரவை ஒக்தாவியோ கொர்த்தாசார் என்ற இயக்குநர் பத்து நிமிட ஆவணப்படமாக எடுத்தார். ‘முதன்முறையாக’ என்பது அதன் பெயர். சினிமா என்றால் என்னவாக இருக்கும் என்று ஊர்க்காரர்களிடம் கேட்கிறார்கள். விருந்து, ஆட்டம் மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும் என்று ஒரு பெண் ஊகித்துச் சொல்கிறார். இருட்டியதும் திரையில் ஓடியது சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’. வேலையை நிறுத்தாமலே தொழிலாளிக்குச் சாப்பாடு ஊட்டிவிட ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து சாப்ளினை அதில் மாட்டிவிடும் காட்சி அதில் உண்டு. இயந்திரம் கோளாறாகிச் சோளக்கதிர் அவர் பல்லில் உரசிக்கொண்டு வேகமாகச் சுழல்கிறது, சூப் சட்டையில் கொட்டுகிறது. கேமரா பார்ப்பவர்கள் பக்கம் திரும்புகிறது. கண் இமைக்காத பிள்ளைகள், வயிறு குலுங்கச் சிரிக்கும் பெரியவர்கள், பார்த்துப் பார்த்து அப்படியே தூங்கிப்போன சின்னஞ்சிறுசுகள். படம் காட்டி ஒரு ஊரை மகிழ்விப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

தொலைக்காட்சியே பார்த்திராத பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன படம் காட்டுவது என்ற கேள்வி இன்று அபூர்வமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு அரசே வீடு வீடாக வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அப்படியும் பூட்டானின் லுனானா போன்ற மலையூர்கள் உலகில் இருக்கின்றன. 2019இல் வெளியான ஒரு திரைப்படத்தை அங்கே எடுக்கப் போனவர்கள் சூரிய ஒளியில் மின்கலங்களை ஏற்றித்தான் கேமராவை ஓட்டினார்கள். படத்தில் நடித்த அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சினிமா புதிது. இப்படிப்பட்ட பிள்ளைகள் முன்னால் படப்பெட்டியோடு போய் நிற்கும் ஆசிரியர் பெரும்பாலும் ஒரு தவறான கேள்வியிலிருந்து தொடங்குகிறார்: எது எளிமையான படம்? ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு பொம்மைப் படமோ, கை கழுவச் சொல்லும் படமோ எடுத்துப் போகிறார். அவர் கேட்டிருக்க வேண்டியது வேறு. இந்தப் படத்தில் நடக்கும் காரியம் இந்தப் பிள்ளைகள் கையால் செய்த காரியமா, உடம்பால் பட்ட பாடா? லோஸ் மூலோஸில் தொழிற்சாலை கிடையாது. ஆனால் ஊட்டப்படாத வாயும், சோளம் கடிக்காத பல்லும், பிடிக்காததை வாயில் திணிக்கும்போது வரும் தவிப்பு தெரியாதவரும் எந்த ஊரிலும் இல்லை. இடம் புதிது, காரியம் பழையது. அந்தக் காட்சி அங்கே வென்றதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான சாட்சியம் ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில், தேங்கிய தண்ணீரை எப்படி அகற்றுவது என்று விளக்கும் சுகாதாரப் படத்தைக் காட்டினார்கள். புரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் மிக மெதுவாகக் காட்டும் படம். முடிந்ததும், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், கோழியைப் பார்த்தோம் என்றார்கள். கோழி எங்கே இருந்தது என்று எடுத்தவர்களுக்கே தெரியவில்லை. சுருளை ஒவ்வொரு சட்டமாகத் தேடியபோது, ஏறக்குறைய ஒரு நொடி நேரம் திரையின் ஓரத்தில் ஒரு கோழி ஓடியது தெரிந்தது. ஜான் வில்சன் என்பவர் எழுதி, மார்ஷல் மெக்லூகனின் நூல் வழியாகப் பரவிய இந்தக் கதையைப் பலரும், பழகாத கண்ணுக்குப் படம் படிக்கத் தெரியாது என்பதற்கு ஆதாரமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். குடியேற்ற ஆட்சியின் திரைப்படப் பிரிவும் அப்படித்தான் நம்பியது. அண்மைக்காட்சி வேண்டாம், வேகமான வெட்டு வேண்டாம், தந்திரக்காட்சி வேண்டவே வேண்டாம் என்று தனக்கு விதிகளே வகுத்துக்கொண்டது. எனக்கு அந்தக் கதை வேறொன்றைச் சொல்கிறது. யாரோ ஒருவர் தண்ணீரைக் கொட்டுகிறார், டப்பாவை எடுக்கிறார், வைக்கிறார். எதற்காக, யாருக்காக, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று படம் சொல்லவில்லை. அதில் தன் போக்கில் ஓடிய ஒரே உயிர் அந்தக் கோழிதான். கோழி வளர்க்கிறவர்கள் கோழியைப் பார்த்தார்கள். கண்ணில் குறையில்லை, படத்தில்தான் காரியம் இல்லை.

இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. 1988இல் வெளியான ஓர் ஆய்வு கென்யாவின் போக்கோட் மக்களிடம் நடந்தது. படம் என்பதே பழக்கமில்லாத பெரியவர்களில் சிலருக்கு வெட்டி ஒட்டிய கதைப்படத்தையும், சிலருக்கு அதே கதையை வெட்டு இல்லாமல் எடுத்ததையும் காட்டினார்கள். இரு குழுவினரும் ஒரே அளவுக்குப் புரிந்துகொண்டார்கள். 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு, துருக்கியின் தென்பகுதி மலையூர்களில் அதுவரை படம் பார்க்காத பெரியவர்களை வைத்து நடந்தது. ஸ்டீபன் ஷ்வானும் செர்மின் இல்திராரும் செய்தது. அங்கே வெட்டுகள் சிலருக்குச் சிக்கலாகத்தான் இருந்தன. இந்தக் காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் என்ன தொடர்பு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் காட்சிகளைக் கோத்துச் சென்றது அவர்களுக்குப் பழகிய ஒரு செயலாக இருந்தபோது வெட்டு தடையாகவில்லை. இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும், இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆசிரியருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. அடுப்பு மூட்டுகிறவளைத் துண்டு துண்டாகக் காட்டினாலும், அடுப்பு மூட்டத் தெரிந்தவள் தானே கோத்துக்கொள்வாள். விறகுக்கும் தீக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்கள்தானே, பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்குத் தெரிந்த காரியங்கள் பெரியவர்களைவிடக் குறைவு. அதனால் அவர்கள் விஷயத்தில் தேர்வு இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பதே என் பதில்.

அப்படியானால் முதல் படம் எது? அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் எடுத்த ‘ரொட்டியும் சந்தும்’ என்ற பத்து நிமிடக் கருப்பு வெள்ளைப் படத்தைச் சொல்வேன். அவருடைய முதல் படமும் அதுதான். ஈரானில் சிறுவர்களுக்காகவே நடந்த ‘கானூன்’ என்ற நிறுவனத்துக்காக எடுத்தது. ஒரு சிறுவன் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு, வழியில் கிடந்ததை உதைத்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறான். சந்தில் ஒரு நாய் குரைக்கிறது. அவ்வளவுதான், நின்றுவிடுகிறான். சந்து வழியாகப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறான். வயதான ஒருவர் வருகிறார். அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நடக்கிறான். அவரோ பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். நாயும் அவனும் எதிரெதிரே. ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான். நாய் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு கூடவே வீடு வரைக்கும் வருகிறது. அவன் உள்ளே போய்விடுகிறான், கதவு மூடுகிறது, நாய் வாசலில் படுத்துக்கொள்கிறது. அடுத்து இன்னொரு சிறுவன் கையில் பாத்திரத்தோடு சந்துக்குள் வருகிறான். நாய் எழுந்து நிற்கிறது. வசனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைக்கு அனுப்பப்பட்டு, வழியில் நாயைக் கண்டு நடுங்கி நின்ற எந்தப் பிள்ளைக்கும் இதில் ஒரு நொடிகூடப் புரியாமல் போகாது. அந்தச் சந்து தெஹ்ரானில் இருந்தால் என்ன, கொல்லிமலையில் இருந்தால் என்ன? வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ரொட்டியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தன் வழியைத் திறந்துகொள்வதா என்ற பெரிய கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அதை ஆசிரியர் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளே பேசுவார்கள்.

தெரிந்ததையே காட்டுவதற்குச் சினிமா எதற்கு, கடல் காணாத பிள்ளைக்குக் கடலைக் காட்டத்தானே அது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். பிள்ளைகளை அவர்கள் ஊருக்குள்ளேயே கட்டிப்போடும் படத்தேர்வு அநியாயம். ஆனால் கடலை வெறும் கடலாகக் காட்டினால் அது ஓர் அகன்ற நீலம், சற்று நேரத்தில் கண் சலித்துவிடும். கடலில் வலை வீசி இழுக்க முடியாமல் தவிக்கும் ஒரு சிறுவனைக் காட்டினால், கிணற்றில் வாளி இழுத்த பிள்ளை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கடலுக்குள் போய்விடும். ஆல்பெர் லாமொரீஸின் ‘சிவப்பு பலூன்’ (1956) பாரிஸ் நகரத்தின் படிக்கட்டுத் தெருக்களில் நடக்கும் 34 நிமிடப் படம். பாரிஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரும் ரசிக்கக்கூடியது. ஒரு சிறுவனோடு ஒட்டிக்கொண்டே வரும் பலூனைப் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று விரட்டுகிறார்கள், பெரிய பையன்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு கல்லெறிகிறார்கள். நாய்க்குட்டி வளர்த்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை. பலூன் தானாகப் பின்தொடர்வது மட்டும் புதிது. புதியது ஒன்றே ஒன்றாக இருந்தால் பிள்ளை அதை ஆசையாக ஏற்றுக்கொள்ளும்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கோபமாகவே வரும். நாளைக்கே கைபேசி வந்துவிடும், சண்டையும் பாட்டும் குட்டி வீடியோக்களும் கொட்டப்போகின்றன, முதல் படத்துக்கு இத்தனை யோசனையா? கைபேசி வரும் என்பதால்தான் யோசிக்கச் சொல்கிறேன். அது பிள்ளைக்காக எதையும் தேர்ந்தெடுக்காது. பார்க்கும் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்கும், முடிவே காட்டாது. அதற்கு முன்னால் ஒரு தடவையாவது, தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்றை ஊர்ப்பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, அதைப் பற்றிப் பேசிய அனுபவம் இருந்தால், திரை என்பது என்னவாக இருக்க முடியும் என்பதற்கு அந்தப் பிள்ளையிடம் ஓர் அளவுகோல் இருக்கும். பாட்டுக்கும் சண்டைக்கும் நான் எதிரி இல்லை. அவை பின்னால் வரட்டும்.

பயமுறுத்தும் படம் கூடாது என்பது எல்லோரும் சொல்வது. அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஸ்பெயின் நாட்டு இயக்குநர் விக்தோர் எரீஸேயின் ‘தேன்கூட்டின் ஆவி’ (1973) என்ற படத்தில், 1940இல் ஒரு கிராமத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிறவர் வருகிறார். ஊர் மண்டபத்தில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஓடுகிறது. ஆனா என்ற சிறுமி பார்க்கிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்த குழந்தையும் அந்தப் படத்தை அப்போதுதான் பார்த்தாள். கேமராவில் பதிவான அவள் முகத்தில் நடிப்பே இல்லை. திரையில் அரக்கன் தண்ணீர்க் கரையில் ஒரு சிறுமியோடு பூ விளையாட்டு விளையாடுகிறான். அடுத்து அவள் பிணமாகத் தூக்கி வரப்படுகிறாள். நடுவில் நடந்தது திரையில் வருவதில்லை. ஆனா அக்காவிடம் கேட்கும் கேள்வி: ஏன் கொன்றான்? அக்காவிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. ஆனாவின் மனதில் அந்தக் கேள்வி படம் முழுக்கத் தொடர்கிறது. அவளை உலுக்கியது அரக்கனின் முகம் இல்லை, காரணம் சொல்லாமல் விட்ட அந்த இடைவெளி. எனவே பயத்தை வைத்துப் படத்தை ஒதுக்க வேண்டாம். இந்தப் படம் என்ன கேள்வியை விட்டுச் செல்லும், அதற்குப் பதில் சொல்ல நான் அங்கே இருப்பேனா என்று ஆசிரியர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல படம் என்று எல்லோரும் சொல்லும் படமும் முதல் நாளுக்கு ஆகாமல் போகலாம். மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) எனக்கு மிகவும் பிடித்த படம். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதையை விளக்கிச் சொல்ல வேண்டிய பிள்ளை எங்கும் இருக்காது. ஆனால் அதன் முடிவைப் பாருங்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசான ஷூவுக்காக ஓடிய அண்ணன் அலி, முதலாவதாக வந்து அழுகிறான். அவன் துயரம் தீரப்போகிறது என்பதை, தந்தையின் சைக்கிளில் புது ஷூக்கள் இருக்கும் ஒரு சிறு காட்சி மட்டும்தான் சொல்கிறது. கண் பழகியவருக்கு அது போதும். பழகாத பிள்ளை அதைத் தவறவிட்டால், தங்கைக்கு ஷூ கிடைக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதனால் இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைப்பேன். மொழியும் ஒரு தடை என்பார்கள். மௌனப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். ஆசிரியர் அந்த வேலையைச் செய்யலாம். பேச்சைச் சொல்லட்டும், கருத்தைச் சொல்ல வேண்டாம்.

தேர்வு சரியா என்பதைப் பிள்ளைகளின் முகம் சொல்லும். பிரிட்டனில் சிறுவர் படங்களுக்குப் பொறுப்பாக இருந்த மேரி ஃபீல்டு, இருட்டு அரங்கில் அகச்சிவப்பு ஒளியில் குழந்தைகளின் முகங்களைப் படமெடுத்து, எந்தக் காட்சியில் ஒன்றினார்கள், எங்கே நெளிந்தார்கள் என்று பார்த்தார். நமக்கு அந்தக் கருவி தேவையில்லை, பின்னால் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் போதும். 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் காட்டப்படுகின்றன, சாப்ளினின் ‘தி கிட்’ அவற்றில் ஒன்று. அந்த வரிசையை மலைப்பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படம் முடிந்ததும் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்காதீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கோழி என்று ஒரு பிள்ளை சொன்னால் திருத்தாமல், அதே படத்தை இன்னொரு தடவை ஓட்டி, அந்தக் கோழியை நீங்களும் தேடிப் பாருங்கள்.