எரிஉலை வராத ஊர்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், மதில் சூழ்ந்த லுக்கா நகரை ஒட்டிப் பரந்து கிடக்கிறது கபான்னொரி. பல சிற்றூர்கள் சேர்ந்த நகராட்சி அது. மக்கள்தொகை சுமார் 46,000. சுற்றுலா வருகிறவர்கள் லுக்காவின் மதில்மேல் சைக்கிள் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கபான்னொரிக்குப் பேர் வாங்கித் தந்தது குப்பை. 1997இல் இங்கே ஓர் எரிஉலை கட்டத் திட்டம் வந்தது. ரொஸ்ஸானோ எர்கொலினி என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஊரைத் திரட்டி எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பது எளிது, அப்புறம் குப்பையை என்ன செய்வது என்ற கேள்வி எதிர்த்தவர் தலையில்தானே விழும்? அதற்கு ஊர் தந்த பதில்தான் கவனிக்கத் தக்கது. 2005 தொடங்கிப் படிப்படியாகத் தெருத்தொட்டிகளை எடுத்துவிட்டு வீடு வீடாகச் சென்று தரம் பிரித்த குப்பையை வாங்கினார்கள். 2007இல், ஐரோப்பாவிலேயே முதல் ஊராகக் கபான்னொரி குப்பையில்லா நிலையை இலக்காக அறிவித்தது. 2013இல் எர்கொலினிக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது 82 சதவீதக் குப்பை தரம் பிரிக்கப்படுகிறது என்பதைத்தான். சதவீதம் ஆளை மயக்கும். ஒரு வீடு இரண்டு மடங்கு வாங்கி, இரண்டு மடங்கு எறிந்து, அதையும் ஒழுங்காகப் பிரித்து வைத்தால் சதவீதம் அப்படியே இருக்கும். பூமிக்கு ஒரு லாபமும் இல்லை. கபான்னொரியின் உண்மையான சாதனை வேறு எண்ணில் இருக்கிறது: 2004இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 1.92 கிலோ குப்பை, 2012இல் 1.18 கிலோ. குப்பை பிறப்பதே குறைந்தது. 2010இல் தொடங்கிய ஆய்வு மையம், எல்லாம் பிரித்த பிறகு மிஞ்சும் பையைக் கொட்டி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தது. டயப்பர் நிறைய இருந்ததால், துவைத்துக் கட்டும் துணி டயப்பருக்கு நகராட்சி மானியம் தந்தது. காப்பி கேப்ஸ்யூல் நிறைய இருந்ததால், நெஸ்பிரெஸ்ஸோ, இல்லி போன்ற நிறுவனங்களைக் கூப்பிட்டு மாற்று வழி பேசியது. மக்களுக்கு மட்டும் உபதேசம் செய்யாமல், பொருளை வடிவமைத்தவனிடமும் கணக்குக் கேட்டதில்தான் இந்த ஊரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நகராட்சியைச் சேர்ந்த லம்மாரி சிற்றூரில் 2011இல் திறந்த மறுபயன்பாட்டு மையத்துக்குப் பழைய துணி, செருப்பு, பொம்மை, மின்சாதனம், மேசை நாற்காலி எல்லாம் வருகின்றன. பழுது பார்த்து, தேவைப்படுவோருக்குக் கொடுக்கிறார்கள். 2012இல் மட்டும் அங்கே வந்து சேர்ந்தவை 93 டன்.

இந்தக் குறைவு பொருளாதார மந்தத்தால் வந்தது என்று ஒரு வாதம் உண்டு. 2008க்குப் பின் இத்தாலி முழுவதுமே குப்பை குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் நாட்டளவில் குறைந்தது, இங்கே குறைந்த 39 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொரு வாதம் கூர்மையானது: மிஞ்சும் குப்பைக்குக் காசு கேட்டால் மக்கள் வாய்க்கால் ஓரத்தில் கொட்ட மாட்டார்களா? 2012இல் பைகளில் சிப் ஒட்டி, எடுக்கும் தடவைக்கேற்பக் கட்டணம் வைத்தபோது இந்தக் கவலை நியாயமாகவே இருந்தது. ஆனால் கட்டணம் கூடுவது மிஞ்சும் பைக்கு மட்டும். பிரித்துத் தருவதற்கு இல்லை. இருட்டில் வண்டி எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வருவதைவிட வாசலில் பிரித்து வைப்பது சுலபம். கட்டணம் வந்த சிற்றூர்களில் தரம் பிரிப்பு 90 சதவீதத்தை எட்டியது.

சின்ன ஊருக்குச் சரி, பெருநகரத்துக்கு ஒத்துவருமா என்பார்கள். ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானா குப்பையில்லா நிலை என்ற இதே இலக்கை 2014இல் ஏற்றது. அங்கே மக்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். செலவு கூடும் என்போருக்கு: 2009இல் கபான்னொரி இருபது லட்சம் யூரோவுக்கு மேல் மிச்சம் பிடித்தது, துப்புரவுப் பணியில் புதிதாக ஆட்களையும் சேர்த்தது.

ஒரு குறையை மறைக்கத் தேவையில்லை. 2020க்குள் குப்பைக்கிடங்குக்கு எதுவும் போகக் கூடாது என்பது கபான்னொரியின் இலக்காக இருந்தது. பூஜ்யத்தை அது தொடவில்லை. குப்பையில்லா நிலை என்ற பெயரே கொஞ்சம் மிகைதான். உலை மட்டும் அங்கே வரவே இல்லை.