போகிறவர்களுக்கு ஊர் காட்டுதல்

மொன்றியலில் இருக்கிறோம் என்று பெயரே தவிர, மொன்றியலை நாங்கள் பார்த்ததில்லை. குசினி தெரியும். பின்கதவால் குப்பை கொண்டுபோகிற ஒழுங்கை தெரியும். கடைசி மெற்றோ எத்தனை மணிக்கென்று தெரியும். நகரத்தை நாங்கள் பார்ப்பதற்கு ஊரிலிருந்து ஆட்கள் வரவேண்டியிருந்தது.

சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகள் மூவரும் ரொறன்ரோவில் ஒரு கலியாணத்துக்கு வந்து, பிறகு எங்களோடு ஐந்து நாள் நின்றார்கள். செவ்வாய் இரவு விமானம். திங்கள் எங்கள் றெஸ்ரோறன்ற் பூட்டு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குசினி என்பதால் லீவும் ஒன்றாகத்தான் வரும்.

முதலில் சென்ற் ஜோசப் தேவாலயம். 283 படிகள். அதில் 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுகிறவர்களுக்கென்று விடப்பட்டவை. 1904இல் கட்டிய ஒரு சிற்றாலயம்தான் இதன் தொடக்கம். அதற்குக் காரணமான சகோதரர் அந்திரே அதிகம் படிக்காதவர். எதிரிலுள்ள கல்லூரியில் ஏறத்தாழ நாற்பது வருடம் வாசல் காத்தவர். 2010இல் அவரைப் புனிதராக்கினார்கள்.

"வாசல் காத்த மனிசனுக்கோ இவ்வளவு பெரிய கோயில்?" என்றார் சித்தப்பா. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவந்து கோப்பை கழுவுகிற எங்களுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

சித்தி சைவம். ஆனாலும் மடுவுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவ. எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் முழந்தாளில் ஏறத் தொடங்கிவிட்டா. மேலே வந்ததும் என்ன நேர்த்தி என்று கேட்டோம். "உங்கடை பேப்பருக்குத்தான்" என்றா.

பிறகு ஒலிம்பிக் மைதானம். 165 மீற்றர் உயரத்தில் சாய்ந்து நிற்கிற கோபுரத்தை வெளியில் நின்றே பார்த்தோம். 1976ஆம் ஆண்டு விளையாட்டுக்குப் பட்ட கடனை 2006இல்தான் கட்டி முடித்தார்கள். புகையிலை வரியும் அதற்குப் போனது. முப்பது வருடம் என்றதும் சித்தப்பா சிரித்தார். எங்களை அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய கடனில் அவருடைய பங்கும் இருந்தது.

2017 ஓகஸ்ட்டில் அமெரிக்க எல்லையைக் கடந்து வந்த அகதிகளுக்கு இந்த மைதானத்துக்குள்தான் கட்டில் போட்டார்கள். பெரும்பாலும் ஹெயிற்றிக்காரர். "அகதியளுக்கு ஒலிம்பிக் கிறவுண்டோ?" என்று தங்கச்சி அதிசயப்பட்டாள். பள்ளிக்கூட வாங்கில் படுத்த கதைகளைத்தான் அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள்.

பொழுதுபடும்போது மலைக்கு ஏறினோம். நகரம் முழுக்கத் தெரிகிற அந்த முகப்புக்கு கொன்டியாறொங்க் என்ற ஆதிக்குடித் தலைவரின் பெயர். 1701இல் பிரெஞ்சுக்காரரும் 39 ஆதிக்குடிகளும் இங்கே சமாதானம் செய்தபோது அதற்காக உழைத்தவர். கையெழுத்திடுவதற்கு இரண்டு நாள் முன்னர் செத்துப்போனார்.

சித்தப்பா கீழே ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்: "இப்ப ஊர் பரவாயில்லைத் தம்பி. ஒருக்கா வந்திட்டுப் போனால் என்ன?"

ஊர் நல்லாயிருக்கிறது என்று கேட்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் அந்த வசனம் எங்கள் கோப்புக்குப் பகை. அகதியாக ஏற்கப்பட்டவர் குடியுரிமை எடுக்குமுன் தான் தப்பிவந்த நாட்டுக்குப் போய்வந்தால், பாதுகாப்புத் தேவையில்லை என்று அகதி நிலையை எடுக்க இங்கே கேட்கலாம். 2012 டிசம்பரிலிருந்து அதோடு நிரந்தர வதிவிடமும் போகக்கூடும். எங்களுக்கு வதிவிடம் வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. இதையெல்லாம் சொன்னோம்.

"அப்ப அம்மாவைப் பாக்கிறதுக்கும் ஏலாதோ?" என்றா சித்தி.

அம்மாவுக்கு விசா இரண்டு முறை கிடைக்கவில்லை என்பது அவவுக்கும் தெரியும். மூன்றாம் நாடொன்றில், சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ சந்திக்கலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அம்மாவின் முழங்காலையும் ரிக்கற் காசையும் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு எங்கள் இருவரையும் கம்பியோரமாக நிற்கச் சொல்லி, தங்கச்சியின் போனை வாங்கினார். "கிட்ட நில்லுங்கோ. கொம்மா முகத்தைத்தான் பாப்பா, கட்டிடங்களை இல்லை" என்றார்.