காற்றை நம்பிப் படுத்த கதை

காற்று மெத்தை ஒன்று வாங்கப்போகிறோம் என்று நாம் சொன்னவுடன் நமது தாயார் கேட்ட முதற் கேள்வி, "எனக்கு என்னடா வந்துவிட்டது? நான் இன்னும் படுக்கையில் விழவில்லையே!" என்பதுதான்.

அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. நம்மவர் வீடுகளில் காற்று மெத்தை என்றால், மாதக்கணக்கில் எழுந்திருக்க மாட்டாமல் கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராதிருக்க வாங்கும் சாதனம் என்றே அர்த்தம். சிறு யந்திரமொன்று உறுமிக்கொண்டே அதன் அறைகளில் மாறி மாறிக் காற்றை ஏற்றி இறக்கும். தகப்பனாரின் கடைசி நாட்களில் நம் வீட்டிலும் அந்த உறுமல் கேட்டதுண்டு. ஆகவே தாயாருக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

நாம் வாங்க நினைத்தது வேறு ஜாதி மெத்தை. முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, நண்பர் ஒருவருக்குச் சவுக்குத் தோப்பு ஒன்று இருக்கிறது. சாலைக்கு மேற்கே உப்பங்கழி. சென்னையிலிருந்து வருகிறவர்களெல்லாம் படகு ஏறுவதற்குக் கூட்டம் கூடும் இடம். தோப்பிலோ கூட்டம் கிடையாது. சவுக்கு மரங்கள் இரைவதும் கடல் இரைவதும் ஒன்றாகக் கலந்து, எது எதுவென்று தெரியாமல் இருக்கும். வருஷந்தோறும் பொங்கல் விடுமுறையில் ஓர் இரவு குடும்ப சகிதமாக அங்கே கூடாரம் அடித்துத் தங்குவது நமது வழக்கம்.

சில வருஷங்களாகத் தாயார் அதற்கு வருவதில்லை. அவருக்கு வயது எழுபத்துநாலு. நடப்பார், சமைப்பார், நாம் திருத்திய பரீட்சைத் தாளில் கூட்டல் பிசகியிருந்தால் கண்டுபிடித்துச் சொல்வார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாத்திரம் முழங்கால்கள் சம்மதிப்பதில்லை. "நீங்கள் போய்விட்டு வாருங்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டாமா?" என்பார். வீட்டுக்கு ஆள் வேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒரு வருஷம் நமது மகள், "பாட்டி வராவிட்டால் நானும் வரவில்லை" என்று மூட்டையை அவிழ்த்துவிட்டாள். அதன் பேரில்தான் இந்த மெத்தை ஆராய்ச்சி தொடங்கிற்று.

முதல் தடவை ஆராய்ச்சி என்று எதுவும் செய்யவில்லை. கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதை வாங்கினோம். ஒன்றரை அடி உயரம், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. மேலே வெல்வெட்டைப்போல் வழவழப்பு. நாற்காலி உயரம் இருந்தால் தாயார் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து எழுந்துகொள்ளலாம் என்பது நமது கணக்கு. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அந்த மெத்தைமீது அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. பட்டம் பெற்ற ஓர் உபாத்தியாயர் அந்தச் சிரிப்பை அத்தாட்சியாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

தோப்புக்குப் போனபிறகுதான் அதனுடன் வந்த பம்புக்கு மின்சாரம் வேண்டும் என்று தெரிந்தது. நமது மைத்துனர் வாயால் ஊதத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் தலை சுற்றி மணலில் உட்கார்ந்துவிட்டார். மெத்தை அப்பளம் போல் இருந்தது. பிறகு சைக்கிள் பம்பு வந்தது. சைக்கிள் பம்பு சிறிது காற்றை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவதற்கு ஏற்பட்டது. மெத்தைக்கு வேண்டியதோ மெல்லிய அழுத்தத்தில் ஏராளமான காற்று. பொழுது சாயும்போது ஒருவாறு மெத்தை எழுந்து நின்றது. தாயாரும் சந்தேகத்துடன் ஏறிப் படுத்தார்.

பின்னிரவு மூன்று மணி இருக்கும். விழித்துப் பார்த்தோம். மெத்தை நடுவில் அமிழ்ந்து, இருபுறமும் கரை எழும்பி, மாட்டுத் தொட்டியைப்போல் ஆகியிருந்தது. அதன் அடியில் தாயார் கண் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். புரளவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

"எப்போதிலிருந்து அம்மா இப்படி?"

"பன்னிரண்டு மணி இருக்கும். அசந்து தூங்குகிறீர்களே, எதற்கு எழுப்புவது என்று நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

நாமும் மனைவியுமாக இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பொங்கலுக்கு, "வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டாமா?" என்பதை ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டார்.

இருபது வருஷமாகச் சார்லஸ் விதியைக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். வாயு குளிர்ந்தால் சுருங்கும் என்பதைப் பையன்களைக் கொண்டு உரக்கச் சொல்ல வைத்திருக்கிறோம். மாலையில் 30 டிகிரி வெப்பத்தில் அடைத்த 100 லிட்டர் காற்று, விடியற்காலை 22 டிகிரிக்கு வரும்போது 97 லிட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். மூன்று லிட்டர் பிரமாதமா என்று கேட்கலாம். மெத்தையினுள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கொஞ்சமே அதிகம். அந்தக் கொஞ்சத்திலிருந்து இவ்வளவு போய்விட்டால் உடம்பைத் தாங்க மிஞ்சுவது அற்பம். வாயால் ஊதிய காற்று ஏற்கெனவே உடம்புச் சூடு. அது இன்னும் அதிகமாகச் சுருங்கும். அதிலுள்ள ஈரம் மெத்தைக்குள் தங்கிப் பூஞ்சணமும் பிடிக்கும். போதாக்குறைக்குப் புதிய பி.வி.சி. முதல் சில தடவை பாரம் ஏறும்போது நீண்டு கொடுக்கும். வீட்டிலேயே இரண்டு மூன்று இரவு ஊதி வைத்து, நீளவேண்டியது நீண்டபிறகே வெளியூர் கொண்டுபோக வேண்டும்.

இத்தனையும் சேர்ந்தால் மெத்தை சற்றுத் தளரும், தொட்டி ஆகாது. ஆகவே ஓட்டை இருக்கத்தான் வேண்டும் என்று, மொட்டை மாடியில் அதை மறுபடி நிரப்பிச் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தோம். அடிப்புறத்தில் ஓரிடத்தில் நுரை மெல்லக் கொப்புளித்தது. அந்தக் கரையோர மணல்மேட்டில் இராவணன் மீசை என்று ஒரு புல் வளர்கிறது. அதன் நுனி தையல் ஊசிக்குச் சளைத்ததன்று. நெருஞ்சி முள்ளுக்கும் குறைவில்லை. சவுக்கங்காயும் சுருசுருவென்று குத்தும். வெறும் மணல்தானே என்று கீழே ஒரு கோரைப் பாய்கூட விரிக்காதது நமது குற்றம். சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுப் பார்த்தோம். ரப்பர் டியூபுக்கான பசை பி.வி.சி.யில் பிடிக்கவில்லை, அதற்கென்று தனிப் பசை உண்டு. ஓட்டை வெல்வெட்டுப் பக்கத்தில் இருந்தால் அந்த மயிரைச் சுரண்டி எடுத்தாலன்றி எந்தப் பசையும் பிடிக்காது.

அதன் பிறகே நிதானமாக விசாரித்தோம். காற்றைத் துணிக்குள் அடைத்துப் படுக்கும் யோசனை ரப்பரோடு வளர்ந்தது. ஆரம்பகால ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துக் காய்ச்சி அந்தக் குறையைப் போக்கிய பிறகே அது காற்றுப் பைகளுக்கு நம்பகமான சரக்காயிற்று. நம் முன்னோர் பஞ்சசயனம் என்று இலவம்பஞ்சு முதல் அன்னத்தூவி வரையில் ஐந்து வகை சொல்லி வைத்தார்கள். காற்றை அவர்கள் அதில் சேர்க்கவில்லை. முன்யோசனை உள்ளவர்கள்!

இப்பொழுது விற்பனையாகும் முகாம் மெத்தைகளில் பல பனிநாட்டு மலையேறிகளை நினைத்துச் செய்தவை. தரையின் குளிர் உடம்புக்கு ஏறாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண் போடுகிறார்கள். அதை அளக்க 2018-இல் அமெரிக்காவில் பொது முறை ஒன்றும் வகுத்திருக்கிறார்கள். முட்டுக்காட்டில் அந்த எண்ணுக்குப் பணம் கொடுப்பது வீண். தை மாதப் பனிக்கு மெத்தைமேல் ஒரு ஜமக்காளம் போதும். அது வேர்வையையும் உறிஞ்சும். பிளாஸ்டிக்கோ உறிஞ்சாது, புரளும்போதெல்லாம் கிறீச்சிடும்.

பின் எந்த மெத்தைதான் நம்பத்தக்கது? இந்தக் கேள்வியோடு பல நாள் அலைந்தபின், கேள்வியே தவறு என்று தோன்றிற்று. காற்று அடைத்த எதுவும் ஒரு நாள் இறங்கும். இறங்கும்போது மேலே படுத்திருப்பவர் எங்கே போய்ச் சேருவார் என்பதையே பார்க்கவேண்டும். ஒன்றரை அடி மெத்தை இறங்கினால் ஒன்றரை அடிப் பள்ளம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்திருந்த எஞ்சினியர்கள் 1972-ஆம் வருஷ வாக்கில் ஓர் உபாயம் கண்டார்கள். துணி உறைக்குள் கடற்பஞ்சு போன்ற நுரைப்பஞ்சை ஒட்டி அடைத்து, ஒரு வால்வு வைத்தார்கள். வால்வைத் திறந்தால், சுருண்டிருந்த பஞ்சு தானே விரிந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் நாலு ஊது ஊதினால் போதும். பம்பு வேண்டாம், மைத்துனரும் வேண்டாம். காற்று முழுவதும் போனாலும் பஞ்சு மிஞ்சும். அந்த ஜாதியில் நாலு அங்குலக் கனமுள்ளதாக, நைலான் மேல்துணியும் அகன்ற வாயுள்ள வால்வும் ஒட்டுத்துணியும் உடையதாக ஒன்று வாங்கினோம். விலை முன்னதைப்போல் மூன்று மடங்கு. இவற்றைச் சுருட்டிக் கட்டி வைக்கக் கூடாது. பஞ்சின் வில்தன்மை போய்விடும். வால்வைத் திறந்தபடி விரித்தே வைக்கவேண்டும். நம் வீட்டில் அது தாயாரின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

உயரத்துக்கு என்ன செய்வது என்ற கஷ்டத்தைத் தீர்த்தவள் நமது மனைவி. "தோப்பு மோட்டார் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறதே!" என்றாள். அதுவரை பார்த்த கடைகளுக்கெல்லாம் போன மோட்டார்ச் செலவை நினைத்து நாம் பேசாதிருந்தோம். கட்டிலின் கயிற்றை இழுத்துக் கட்டினோம். மேலே கோரைப் பாய், அதன்மேல் மெத்தை, அதற்குமேல் ஜமக்காளம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கல்லைப்போல் இறுகும்படி ஊதினால் உடம்பு மேலே உருளும், தூக்கம் வராது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடுப்பின் அடியில் கையை விட்டுப் பார்க்கவேண்டும். கீழே தட்டாமல் இடுப்பு சிறிது புதைந்தால் அதுவே அளவு. தாயார், "மாவு பதம் பார்க்கிறாயாடா?" என்றார், ஆனால் பார்க்கவிட்டார்.

அன்றிரவு விளக்குகளைச் சீக்கிரமே அணைத்துவிட்டோம். தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும் காலம். வெளிச்சம் அவற்றைக் குழப்பும், பின்னால் பொரிந்து வரும் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் இழுத்துவிடும். இருட்டில் தாயார் பேத்திக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு நாம் விழித்துக்கொண்டது பழைய பயத்தால். கட்டிலருகில் போய்க் குனிந்து பார்த்தோம். குறட்டை கேட்டது.

மறுபடி கண் விழித்தபோது கட்டில் காலியாயிருந்தது. திடுக்கிட்டு எழுந்து ஓடினோம். தாயார் தோப்பின் கீழ்க்கோடியில், ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு, சூரியன் கிளம்புவதைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். யாரும் தூக்கிவிடவில்லை.

நாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்ததும், "என்னடா, பாயில் படுத்தாயா? அடுத்த தடவை உனக்கும் ஒன்று வாங்கிக்கொள்" என்றார்.