நீலோற்பலம் என்றோர் ஆஸ்பத்திரி

பேரழகி என்று உலகம் கொண்டாடிய ஓர் இளவரசி. விடிய விடிய கஜல் கேட்ட ஓர் இளவரசர். ஹைதராபாத் இருவரையும் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது நினைவில் வைத்திருக்கும் விதம் வேறு.

நாம்பள்ளி ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து "நிலோஃபர்" என்றால் போதும். டிரைவர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். ரெட் ஹில்ஸில் உள்ள அரசு குழந்தைகள் மருத்துவமனையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். தெலங்கானாவின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் வந்த குடும்பங்கள் அங்கே பிளாஸ்டிக் கூடையும் ஃபிளாஸ்க்குமாகக் காத்திருக்கின்றன. மகளுக்குப் பிரசவம், பேரனுக்குக் காய்ச்சல் என்று ஆளுக்கொரு கவலை. பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு கஃபே. இரானி சாயாவுக்கும் உஸ்மானியா பிஸ்கட்டுக்கும் காலையிலிருந்தே கூட்டம்.

வரிசையில் நிற்பவர்களுக்கு நிலோஃபர் என்பது ஒரு விலாசம். 1930களிலும் 40களிலும் அது ஒரு பெண்ணின் முகம். உலகின் பத்து அழகிகளில் ஒருவர் என்று பத்திரிகைகள் வர்ணித்த முகம்.

அந்தப் பெயருக்கு இந்தியர்கள் அந்நியர்கள் அல்ல. சமஸ்கிருதத்தின் நீலோத்பலம்தான் பாரசீகத்துக்குப் போய் நிலோஃபர் ஆனது. தமிழில் நீலோற்பலம்; நம் பழம்பாடல்கள் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்லும் குவளை. ஆனால் இந்த மலர் பூத்தது இஸ்தான்புல்லில். துருக்கி சுல்தான் ஐந்தாம் முராதின் வம்சத்தில் 1916 ஜனவரியில் பிறந்தார் நிலோஃபர். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். எட்டு வயதில் நாட்டையும் இழந்தார்: 1924ல் புதிய துருக்கிக் குடியரசு ஆட்டோமன் அரச குடும்பத்தையே நாடு கடத்தியது. தாயோடு பிரான்ஸின் நீஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். பட்டம் இருந்தது, பணம் இல்லை.

பணம் ஹைதராபாதில் இருந்தது. 1937ல் டைம் பத்திரிகை அட்டையில் இடம் பிடித்த ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான், தன் இரு மகன்களுக்கும் கலீஃபா குடும்பத்திலேயே பெண் தேடினார். 1931 நவம்பர் 12 அன்று நீஸ் நகரில் இரட்டைத் திருமணம். கடைசி கலீஃபாவின் மகள் துருஷெவார், மூத்தவர் ஆசம் ஜாவை மணந்தார். பதினைந்து வயது நிலோஃபர், இளையவர் மோஅஸம் ஜாவை மணந்தார். மணமக்கள் இந்தியா திரும்பிய கப்பலில் இன்னொரு பயணியும் இருந்தார்: வட்டமேஜை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த காந்தி.

ஹைதராபாதில் அவர்களுக்குக் கிடைத்த வீடு ஹில் ஃபோர்ட் மாளிகை. நௌபத் பஹாட் குன்றையொட்டி 1915ல் சர் நிஜாமத் ஜங் கட்டிய அந்த மாளிகையை 1929ல் இளைய மகனுக்காக வாங்கியிருந்தார் நிஜாம். அங்கிருந்துதான் நிலோஃபர் என்ற அலை கிளம்பியது. அரச குலப் பெண்கள் பர்தாவுக்குள் இருந்த ஊரில் இந்த மருமகள் முகம் மறைக்காமல் பொது நிகழ்ச்சிகளுக்குப் போனார். மாமனார் தடுக்கவில்லை. ஐரோப்பிய கவுனைவிடப் புடவையையே அவர் விரும்பி உடுத்தினார். பம்பாயின் மாதவ்தாஸ் அவருக்கென்றே புடவைகளை வடிவமைத்தார். மெல்லிய துணி, ஓரமெங்கும் மின்னும் பூவேலை. இன்றைய மாடல் அழகிகளுக்கு இருக்கும் மேடையும் ஒப்பந்தமும் இல்லாமலே ஒரு தலைமுறைக்குப் புடவை கட்டும் பாணியைக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஹாலிவுட்டிலிருந்துகூட அழைப்பு வந்ததாகச் சொல்வார்கள்.

கணவரின் உலகம் வேறு. மோஅஸம் ஜா, 'ஷஜீ' என்ற புனைபெயரில் உருது கஜல் எழுதியவர். அவருடைய சபையில் இருந்த கவிஞர் சித்க் ஜாயிசி எழுதிய நினைவுக் குறிப்புகளை நரேந்திர லூதர் 2004ல் ஆங்கிலத்தில் தந்தார். அதில் தெரியும் மாளிகையில் பொழுது விடிவதே இரவில்தான். கவிஞர்களும் பாடகர்களும் வேடிக்கைப் பேச்சுக்காரர்களும் கூடுவார்கள். நடுநிசிக்கு மேல் விருந்து. இளவரசரின் கஜல்கள் இசையோடு பாடப்படும். சபை "வாஹ் வாஹ்" சொல்லும். இளவரசர் எழும்வரை யாரும் எழ முடியாது, கண்ணயரவும் முடியாது. விடியும்போது அவர் உறங்கப் போவார்.

அந்த இரவுகள் மட்டுமே அவர் வாழ்க்கை என்று சொன்னால் அநியாயம். 1908ல் மூசி நதி வெள்ளத்தில் சிதைந்த நகரைச் சீரமைக்க ஏற்பட்ட நகர அபிவிருத்தி வாரியத்துக்கு அவர் தலைமை வகித்தார். 1935ல் எழுந்த கருங்கல் கட்டடமான மோஅஸம் ஜாஹி மார்க்கெட் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனாலும் மன்னனின் இரண்டாவது மகன் என்ற பதவியில் செய்ய வேண்டியது குறைவு. செலவழிக்கப் பணமும் நேரமும் ஏராளம். அந்த வெறுமையை அவர் கஜலால் நிரப்பினார்.

அவர் மனைவியின் வெறுமை வேறு. குழந்தை இல்லை. ஐரோப்பிய டாக்டர்களிடம் போயும் பலனில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நர்ஸ் பயிற்சி பெற்று நிவாரணப் பணிகளில் இறங்கினார். 1948ல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டில் மோஅஸம் ஜா மறுமணம் செய்துகொண்டார். 1952ல் விவாகரத்து.

அதற்கு முன் ஒரு சாவு. 1949ல் நிலோஃபரின் பணிப்பெண் ரஃபத்துன்னிஸா பிரசவத்தில் இறந்தார். மருத்துவ வசதி இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர். நிலோஃபர் உடைந்துபோனார், தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வற்புறுத்தினார். நூறு படுக்கைகளுடன் 1953ல் அது திறக்கப்பட்டபோது அவர் நிஜாமின் மருமகள் அல்ல. பெயர்ப் பலகையை யாரும் மாற்றவில்லை.

நிலோஃபர் பாரிஸில் தங்கிவிட்டார். 1963ல் எட்வர்ட் போப் என்ற அமெரிக்கரை மணந்தார். 1989 ஜூனில் இறந்து, பாரிஸை ஒட்டிய பொபினியில் அடக்கம் செய்யப்பட்டார். மோஅஸம் ஜா அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1987ல் மறைந்தார். நிலோஃபரின் புடவைகள் சில நியூயார்க்கின் ஃபேஷன் கல்லூரி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

ஹைதராபாதில் இந்தத் திருமணத்தின் எச்சங்கள் ஓர் ஆட்டோ சவாரிக்குள் அடங்கிவிடும். ஹில் ஃபோர்ட் மாளிகை பல ஆண்டுகள் ரிட்ஸ் ஹோட்டலாக இருந்தது. பிறகு பூட்டிக் கிடந்து சிதைந்தது. கஜல் கேட்ட கூடத்தில் நெடுங்காலம் புறாக்களின் சத்தம்தான். மோஅஸம் ஜாஹி மார்க்கெட்டைப் புதுப்பித்து 2020ல் மீண்டும் திறந்தார்கள். மாலை வேளைகளில் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட வரும் இளைஞர்களுக்கு ஷஜீயின் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ரெட் ஹில்ஸில் மட்டும் கூட்டம் குறைவதே இல்லை. இடுப்பு வலியோடு வந்து இறங்கும் பெண்ணுக்கு இஸ்தான்புல்லும் தெரியாது, மாதவ்தாஸின் பூவேலையும் தெரியாது. வாசலில் இருப்பது ஒரு பூவின் பெயர் என்றுகூடத் தெரியாமல் உள்ளே போகிறாள். சில நாட்களில் துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வருகிறாள். "எங்கே பிறந்தது?" என்று ஊரில் யாராவது கேட்டால், பிள்ளை இல்லாத அந்த இளவரசியின் பெயரைத்தான் சொல்வாள்.